எங்கள் ஊரில் ஒருத்திக்கு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுகிறாள். நான் ஊடு என்றால் அவள் வீடு என்று எழுதிக்கொள்கிறாள். திரும்பப் படித்துக் காட்டும்போது யாரோ பெரிய இடத்துப் பெண்பிள்ளை பேசுகிற மாதிரி இருக்கிறது. இவ்வளவு நன்றாகவா பேசினேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஊர்க்காரர்கள் வாய் திறக்கிற இடத்தில் மட்டும் எங்கள் பேச்சை மாற்றக் கூடாது என்று கண்டிசனாகச் சொல்லிவிட்டேன்.

இதைப் பேச வைத்ததே அவள்தான். சேலத்தில் ஏதோ மேல்படிப்பு படிக்கிறாள். ஊசி போடுகிற படிப்பு இல்லை. வியாதி வந்த ஆளை வீடும் ஊரும் என்ன செய்கின்றன, மனுசர்கள் வியாதியை ஏன் மறைக்கிறார்கள் என்கிற படிப்பு. இதற்கெல்லாமா ஒரு படிப்பு என்று முதலில் சிரித்தேன். போன மாதம் கட்டிலில் கிடந்து எதையோ படித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள்.

"அம்மாயி, இதக் கேளுங்க. கிராமத்துப் பொம்பளைங்க தனக்கு இருக்கற சீக்க எனக்குன்னு சொல்லமாட்டாங்களாம். வேற யாருக்கோ இருக்கற மாதிரித்தான் சொல்லுவாங்களாம்."

வாயில் வெற்றிலை இருந்தது. சிரித்த சிரிப்பில் பாக்கு தொண்டைக்குள் போய் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அந்த வேற யாரோ நாந்தான் சாமி" என்றேன்.

என்ன வியாதி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடி தள்ளல். பிள்ளை பெற்றவளுக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கி வெளியே வந்துவிடுவது. பாருங்கள், ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அந்தக் காலத்தில் இதை ஒரு ஆளிடம் சொல்ல எனக்கு ஒரு மாமாங்கம் ஆயிற்று. இப்போது எழுதிக்கொண்டிருக்கிற இவளுக்கும் காது சிவந்துதான் இருக்கிறது. படித்தால் வெட்கம் போய்விடும் என்று யார் சொன்னது?

நான் வாழ வந்த ஊர் சங்ககிரிக்குக் கிழக்கே, மேட்டுக்காடு. கிணற்றுத் தண்ணீர்தான். கடலை போடுவோம், மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு போடுவோம். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். சங்ககிரியில் வண்டி எடுத்தால் பம்பாய், கல்கத்தா என்று போய்விடுவார், எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. வரும்போது ஏதாவது வாங்கி வருவார். ஒரு தடவை பிளாஸ்டிக் பூச்சரம் வாங்கி வந்தார். அதைத் தலையில் வைத்துக்கொள்வதா, சாமி படத்துக்குப் போடுவதா என்று தெரியாமல் கடைசியில் லாரிக்கே போட்டுவிட்டோம்.

மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். வீட்டையும் காட்டையும் கட்டி ஆண்டது மாமியார்தான். வெள்ளைச் சேலை, விறைத்த முதுகு. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஊரே கூடிச் சிரிக்கிற இடத்தில் அவர் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பார். அவர் அருமையாகப் பெற்றது என் வீட்டுக்காரரை மட்டும்தான்.

எனக்கு மூன்றாவது பிரசவம் கடலை பிடுங்குகிற சமயத்தில் வந்தது. எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கிடைக்காத நேரம். தீட்டுக் கழித்து வீட்டுக்குள் விட்ட கையோடு மாட்டுக்குத் தண்ணீர் சேந்தப் போனேன். யாரும் என்னை அடித்து அனுப்பவில்லை. "நானெல்லாம் புள்ள பெத்த கையோட தண்ணி சேந்துனவ" என்று மாமியார் திண்டில் மாவாட்டிக்கொண்டே பொதுவாகச் சொல்வார். அதற்குப் பிறகு எப்படிப் படுத்துக் கிடப்பது?

தவிட்டுத் தண்ணீர்த் தாழியைத் தூக்கினேன். அடியில் ஏதோ நழுவியது. வெதுவெதுப்பாக, கோழிக்குஞ்சு கைக்குள் நழுவுகிற மாதிரி. மருத்துவச்சி நஞ்சுக்கொடியில் மிச்சம் வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம், செத்துவிடுவேன் என்று நினைத்தேன். கைக்குழந்தையைப் பார்த்து ஒரு பாட்டம் அழுதேன். ஆனால் சாகவில்லை. மறுநாள் கடலை பிடுங்கினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. உலகத்தில் எனக்கு மட்டும் வந்த கேடு என்று இருந்தேன். ஊரில் வேறு யாருக்கும் இது இல்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். ஏனென்றால் யாரும் சொன்னதில்லை.

பழைய வேட்டியைக் கிழித்து, ஆண்பிள்ளைகள் கோவணம் கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டிக்கொள்வேன். அது இல்லாமல் வாசலுக்குக் கூட வரமுடியாது. துவைத்து வெயிலில் போட முடியுமா? கட்டுத்தரையில், மாடு கட்டுகிற கொட்டகையின் கூரைக்கு உள்பக்கம், மூங்கிலில் சொருகிக் காயவைப்பேன். கொட்டகையின் அந்தக் கோடியில் அதே மாதிரி இன்னொரு துணி எப்போதும் தொங்கும். மாமியார் பால் கறக்கும் முன் மாட்டு மடி துடைக்கிற துணி என்று நினைத்துக்கொண்டேன். மடி துடைக்கிற துணி எதற்கு இவ்வளவு நீளம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இருமினால் இறங்கும். தும்மினால் இறங்கும். சிரித்தால் நிச்சயம் இறங்கும். அதனால் சிரிப்பதை விட்டேன். கல்யாணமான புதிதில் எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுகிறவள் என்று பேர் வாங்கியவள் நான். மூன்று பிள்ளை பெற்றதும் பொறுப்பு வந்துவிட்டது என்று ஊர் மெச்சியது.

கூடையைத் தலையில் தூக்க மாட்டேன். கிழங்கு வெட்டுகிற நாளில் எல்லோரும் வரப்பில் கூடை கூடையாகச் சுமந்துபோய் லாரியில் கொட்டும்போது, நான் கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்து, கிழங்கை ஒடித்து மண் தட்டிக்கொண்டிருப்பேன். "மகாராணிக்குச் சிம்மாசனம் போட்டாச்சா?" என்பார் மாமியார். கூடவே அவரும் பக்கத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்துகொள்வார். அவர் பெரியவர், உட்காரலாம்.

வீட்டுக்காரர் சமாச்சாரம்தான் பெரும்பாடு. எத்தனையோ நாள் கழித்து வருகிற மனுசன். என்ன சொல்லித் தள்ளிப்படுப்பது? விரதம் என்றேன். முதலில் கிருத்திகை. அப்புறம் சஷ்டி. அப்புறம் வெள்ளிக்கிழமை, அமாவாசை, திங்கட்கிழமை. லாரி எந்தக் கிழமை வந்து நின்றாலும் எனக்கு ஒரு விரதம் இருந்தது. சாமி படத்துக்கு முன்னால் பாயை விரித்துப் படுத்துக்கொள்வேன். அவர் பாவம், வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்து நட்சத்திரத்தைப் பார்ப்பார்.

ஊரில் என்னைப் பக்தி மிகுந்தவள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கோயில் நோம்பி வந்தால் முதல் பானையில் பொட்டு வைக்க என்னைக் கூப்பிட்டார்கள். திருச்செங்கோட்டிலிருந்து வந்த ஒறம்பரை, சொந்தக்காரி ஒருத்தி, என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். புகழ்ந்தால் எப்படித் தாங்குவது?

இப்படியே வருசங்கள் போயின. எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில் அது புண்ணாகிவிட்டது. துணியில் ரத்தம் பட்டது. நடந்தால் எரிச்சல், உட்கார்ந்தால் குத்தல். அடுத்த கிழங்கு வெட்டுக்கு நான் எழுந்து நடமாட மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது. பிள்ளைகள் இன்னும் சின்னதுகள். அந்தச் சமயத்தில்தான் ஜீப் வந்தது.

ஜீப் என்றால் எங்கள் ஊருக்கு ஆகாது. அதற்குச் சில வருசம் முன்பு குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்கள் ஜீப்பில் வந்து ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். கத்தி பட்டுத் திரும்பி வந்தவர்கள் அதற்கப்புறம் சைக்கிளில் காற்று இறங்கினாலும் ஆபரேசனால்தான் என்பார்கள். அதனால் சாலையில் புழுதி தெரிந்ததும் மீசை வைத்தவர்கள் எல்லோரும் சோளக்காட்டுக்குள் போய்விட்டார்கள். கிழவர்கள்கூட ஓடினார்கள். அவர்களுக்கு என்ன பயமோ.

ஜீப்பிலிருந்து இறங்கியது குடை பிடித்த ஒரு சின்னப் பெண். பட்டணத்தில் பெரிய படிப்பு படிக்கிறாளாம். கிராமத்துப் பெண்கள் உடம்புக்கு என்னென்ன வருகிறது, அதற்கு என்ன செய்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு ஆராய்ச்சி பண்ண வந்திருக்கிறாளாம். பெண்களிடம் தனியாகப் பேசவேண்டும், ஆண்கள் இருந்தால் கொஞ்சம் வெளியே போகச் சொல்லமுடியுமா என்று கேட்டாள். ஆண்களே இல்லாத ஊரைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வாத்தியார் காலி செய்த வீட்டில் தங்கினாள். ஊரே அவளை டீச்சர் என்று கூப்பிட்டது. படித்த பெண் என்றால் எங்களுக்கு டீச்சர்தான்.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது மாமியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் தூணோரம் நின்றேன். உடம்புக்கு ஏதாவது தொந்தரவு உண்டா என்று அவள் என்னைத்தான் கேட்டாள். பதில் சொன்னது மாமியார்.

"அவளுக்கென்னுங்க கேடு? கல்லாட்டமா இருக்கறா. கூடையத் தூக்கச் சொன்னாத்தான் இடுப்பு நோவும்."

"உங்களுக்கு பாட்டி?"

"எனக்கா? நான் புள்ள பெத்த கையோட தண்ணி சேந்துனவ" என்றார் மாமியார். அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் எருமை ஒன்று கயிற்றை உருவிக்கொண்டு வைக்கோல்போருக்குப் போய்விட்டது. மாமியார் கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். அந்த எருமைக்கு நான் சாகும்வரை கடமைப்பட்டவள். அவர் தலை மறைந்ததும் என் வாய் தானாகத் திறந்தது.

"எங்கூர்ல ஒருத்திக்குங்க டீச்சர், அடி தள்ளிருச்சுங்க."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். எந்தத் தெரு என்று கேட்டாள். மேற்கே, ஏரிக்கரைப் பக்கம் என்றேன். பேர் கேட்டாள். வாயில் வருகிறது, வரமாட்டேன் என்கிறது என்றேன். அந்த ஒருத்திக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அதைக் கேட்டதும் எனக்கு மடை திறந்துகொண்டது. நிற்கும்போது கனம் இழுக்கும், பொழுது சாயச் சாய ரொம்ப வெளியே வந்துவிடும், படுத்தால் உள்ளே போய்விடும், மழைக்காலத்தில் சில்லென்று இருக்கும், இப்போது புண்ணாகிவிட்டது, ஒண்ணுக்குப் போனால் உயிர் போகும். எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். என் கால் கட்டைவிரல் வாசல் மண்ணில் ஒரு குழியே தோண்டிவிட்டது.

அவள் நோட்டை மூடி வைத்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "அவங்க உங்களுக்கு ரொம்ப வேண்டியவங்களாக்கா?"

"ஆமாங்க. ரொம்ப வேண்டியவ."

மாமியார் எருமையோடு திரும்பி வந்துவிட்டார். நான் மோர் கலக்க உள்ளே ஓடிவிட்டேன். வாசலில் மாமியார் தணிந்த குரலில் அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அடுப்பங்கரையில் நின்றுகொண்டு, சொன்ன வாயை அடித்துக்கொண்டேன். ஏரிக்கரையில் போய் விசாரித்து, அப்படி யாரும் இல்லை என்று தெரிந்துவிட்டால்?

ஏரிக்கரைக்கு அவள் போகத்தான் போனாள். அங்கே உள்ளவர்கள், அப்படி ஒருத்தி உண்டு, ஆனால் கீழ்த்தெருவில் என்றார்களாம். கீழ்த்தெருவிலோ, காட்டுக்குள் சாளை போட்டுக் குடியிருக்கிற ஒருத்தி என்றார்களாம். காட்டுச் சாளையில் கேட்டால் ஏரிக்கரை. அந்த வெயிலில் அந்தப் பிள்ளை குடையைப் பிடித்துக்கொண்டு மேற்கேயும் கிழக்கேயும் நடந்தாள். மூக்கு தோல் உரிந்துவிட்டது. சோளக்காட்டிலிருந்து வெளியே வந்துவிட்ட ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்து, ஓடிப்போன அக்காளைத் தேடி வந்திருக்கிறாள் போல என்று பேசிக்கொண்டார்கள்.

எனக்குப் பயம் ஒரு பக்கம், ஆச்சரியம் ஒரு பக்கம். பொய்யாக ஒருத்தியை நான் உண்டாக்கினேன், அவளை எப்படி ஊரே பார்த்திருக்கிறது?

பிறகு ஒரு நாள் கிழங்குக் காட்டுக்கே என்னைத் தேடி வந்தாள். புளியமரத்து நிழலில் என் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். நான் கவிழ்த்த கூடை மேல் இருந்தேன். அவள் கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை. வருகிற சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு, சேலத்திலிருந்து டாக்டரம்மா வருகிறார்கள், வெயில் தாழ்ந்ததும் வந்தால் போதும் என்றாள்.

"அந்த ஒருத்திகிட்ட நீங்களே சொல்லிடுங்கக்கா. வேற யாருக்கும் தெரியாது. அவங்க மட்டும் வந்தாப் போதும். இது குணமாகற சமாச்சாரந்தான்."

குணமாகிற சமாச்சாரம். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருசம் இது குணமாகிற சமாச்சாரமாகவா இருந்தது?

போவதா வேண்டாமா என்று சனிக்கிழமை வரை மனசு அலைந்தது. யாராவது பார்த்துவிட்டால் என் விரதமும் பக்தியும் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். போகாவிட்டால் அந்தப் புண்ணோடு கிடக்க வேண்டும். கடைசியில் புண்தான் ஜெயித்தது. சனிக்கிழமை சாயங்காலம் முகம் கழுவிப் பொட்டு வைத்து, கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வருகிறேன் என்று மாமியாரிடம் சொன்னேன். அவர், காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன், கதவைச் சாத்திவிட்டுப் போ என்றார்.

நான் ஏரிமேட்டைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வராந்தாவில் கீழ்த்தெருக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எனக்கு மூச்சே நின்றது. அவளுக்கும்தான். பையனின் சிலேட்டைத் தேடி வந்தேன் என்றாள். நான் ஒன்றும் கேட்காமலே சொன்னாள். நானும் கோயிலுக்குப் போனேன், கால் வலித்தது, கொஞ்சம் உட்காரலாம் என்று வந்தேன் என்றேன். கோயில் ஊரின் அந்தப் பக்கம் இருக்கிறது என்று அவளும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி வந்தாள். பள்ளிக்கூடத்துக் கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கும் என்று வந்தாளாம். கையில் குடம் இல்லை. அப்புறம் சாளையிலிருந்து அக்காள் தங்கை இரண்டு பேர் ஆளுக்கொரு வழியாக வந்து, மூலையில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் திகைத்து நின்றார்கள். இப்படியே வராந்தா நிறைந்துகொண்டு வந்தது. எல்லோரும் மழை வருமா என்று பேசிக்கொண்டோம். சித்திரை மாதம், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

அந்தப் பிள்ளை செய்த தப்பு இதுதான். அந்த ஒருத்தியிடம் சொல்லிவிடுங்கள் என்று எல்லா வீட்டிலும் சொல்லியிருக்கிறாள், எல்லோருக்கும் ஒரே நேரத்தைச் சொல்லியிருக்கிறாள். சொன்னவர்களில் இரண்டொருவர் வந்தால் அதிசயம் என்று நினைத்தாளாம். வகுப்பறை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அப்போது பள்ளிக்கூடத்துப் படியில் வெள்ளைச் சேலை தெரிந்தது.

நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். தூண் ஒல்லி, நான் குண்டு. மாமியார் முக்காட்டைத் தள்ளிவிட்டு வராந்தாவை ஒரு பார்வை பார்த்தார். என்மேல் வந்து கண் நின்றது.

"ஏம்புள்ள, கோயலுக்குன்னுதான சொன்ன?"

"கோயலுக்குத்தானுங்க அத்தெ. நடை சாத்தியிருந்துதுங்க."

எனக்கு அன்றைக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "நீங்க காட்டுக்குன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"ஆடு ஒண்ணு கயித்த அத்துக்கிட்டு இங்கிட்டு வந்துருச்சு. அதத் தேடி வந்தேன்."

"நம்மகிட்ட ஆடு ஏதுங்க அத்தெ?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே, இவர் எப்போது ஆடு வாங்கினார் என்று யோசித்துவிட்டேன். சிலேட்டைத் தேடி வந்தவளுக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு பீறிட்டது. குடமில்லாமல் தண்ணீருக்கு வந்தவளுக்குத் தொற்றியது. அப்புறம் வராந்தாவே சிரித்தது. சிரித்த அடுத்த நொடியில் அத்தனை பேர் கையும் மடிக்குப் போய் அழுத்திப் பிடித்தது. என் கையும் பிடித்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் எல்லோர் கையையும் பார்த்தோம். யாரும் கையை எடுக்கவில்லை, எடுக்க முடியாது. நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். ஆனால் அவர் கையும் வெள்ளைச் சேலை மடிப்பின் மேல் இருந்தது.

எனக்குக் கொட்டகையின் அந்தக் கோடியில் தொங்குகிற துணி ஞாபகம் வந்தது. அவருக்கும் இந்தக் கோடியில் தொங்குகிற என் துணி ஞாபகம் வந்திருக்க வேண்டும். என் முகத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டு திரும்பிப் படியில் கால் வைத்தார்.

அவர் போனால் நானும் போகவேண்டியதுதான். மாமியார் போன பிறகு மருமகள் அங்கே உட்கார்ந்திருக்க முடியாது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உள்ளேயிருந்து டாக்டரம்மா, முதலில் யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். யாரும் எழவில்லை. அவள் போகட்டும் என்று இவளும், இவள் போகட்டும் என்று அவளும் தலையைத் தலையை ஆட்டினோம். எனக்கு ஒன்றுமில்லை, நான் சிலேட்டுக்கு வந்தேன் என்று ஒரு குரல் முனகியது.

மாமியார் படியிலேயே நின்றார். அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அப்புறம் திரும்பினார். எங்களை யாரையும் பார்க்கவில்லை. அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"கீழ்க்கெணத்துக்காரி ஒருத்தின்னு சொன்னனே அம்மிணி. அது நாந்தேன். வழி உடு."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார். அவர் வெளியே வந்ததும் நான் போனேன். வாசலில் எதிரெதிரே வந்தபோது இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டோம்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் முன்னால், நான் பின்னால். கட்டுத்தரையில் எருமைக்குத் தண்ணீர் காட்டும்போதுதான் கேட்டார்.

"எப்பருந்து?"

"மூணாவதுல இருந்துங்க அத்தெ. உங்களுக்குங்க?"

"உம்புருசன் பொறந்ததுல இருந்து" என்றார். எருமை முழுத் தொட்டியையும் குடித்து முடிக்கும் வரை நின்றுகொண்டிருந்தார். அப்புறம், "சொல்லியிருந்தா தண்ணி சேந்த உட்டிருக்கமாட்டேன்" என்றார். அவரும்தான் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் லாரியோடு வந்து சேர்ந்ததும் அவரிடம் பேசியது மாமியார்தான். சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும், இரண்டு பேரும் என்றார். யாருக்கு என்ன என்று கேட்டதற்குப் பொம்பளைச் சமாச்சாரம் என்று முடித்துவிட்டார். ஆனால் ஆஸ்பத்திரியில் எனக்கு ஆபரேசன் என்று ஆனதும் வீட்டுக்காரரைத்தான் கூப்பிட்டு எல்லாம் விளக்கினார்கள். எல்லாம் என்றால் எல்லாமும். பிளாஸ்கில் காப்பி வாங்கிக்கொண்டு வந்தவர் கட்டிலருகில் நின்று கேட்டார்.

"அப்ப அந்தக் கிருத்திகை, சஷ்டி எல்லாம்?"

நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். வராந்தாவுக்குப் போய் ஒரு பீடி பிடித்துவிட்டுத் திரும்பி வந்தார். "முருகன் என்ன நெனச்சிருப்பாரு?" என்றார்.

போர்வைக்குள்ளிருந்தே சொன்னேன். "அவருக்கு ரெண்டு சம்சாரமுங்க. தெரியாமயா இருக்கும்?"

அவர் சிரித்தாரா அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. காப்பியை மட்டும் ஆற்றி வைத்திருந்தார்.

மாமியாருக்கு வயசாகிவிட்டது, ரத்தக்கொதிப்பும் இருந்தது. ஆபரேசன் வேண்டாம் என்று ரப்பர் வளையம் ஒன்றை உள்ளே வைத்து அனுப்பினார்கள். என் கட்டிலில் வந்து உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார். "தாலியறுத்தன்னைக்கு இருந்த வளையலப் பூரா ஒடச்சுப் போட்டாங்க. இன்னைக்கு ஒண்ணு மாட்டி உட்டுருக்காங்க. ஒருத்தருகிட்டயும் காட்டவா முடியும்?" எனக்குத் தையல் போட்டிருந்தது. சிரிக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். நான் பட்ட பாடு இருக்கிறதே.

ஊருக்கு வந்த பிறகு எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டவர்களிடம் ஒறம்பரை வீட்டுக்கு என்றோம். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களே வந்து கேட்டார்கள். அவர்களிடமும் அதையே சொன்னோம். அவர்களும் தலையாட்டினார்கள். பிற்பாடு ஒவ்வொருத்தியாகச் சேலத்துக்கு ஒறம்பரை வீட்டுக்குப் போய் வந்தார்கள். குடை பிடித்த பெண் தன் ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு போய்விட்டாள். எங்களைப் பற்றி என்ன எழுதினாளோ, எனக்குத் தெரியாது.

துணிகள் மிஞ்சின. என்னுடையதும் அவருடையதும். துவைத்து மடித்து, எறிய மனசில்லாமல் மூங்கிலிலேயே இருந்தன. நல்ல பருத்தி வேட்டித் துணி, நூறு தடவை துவைத்துப் பூ மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் வீட்டுக்காரர் லாரி துடைக்கத் துணி தேடிக்கொண்டு கட்டுத்தரைக்குள் போனார். நானும் மாமியாரும் வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தோம். பார்த்தால், தோளில் இரண்டையும் போட்டுக்கொண்டு வருகிறார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்பாரே. அவர் முன் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடி பளபளவென்று ஆனது. சாமி படத்தைத் துடைத்தார். பிளாஸ்டிக் பூச்சரத்தைத் துடைத்தார். அப்புறம் துணியை முகர்ந்து பார்க்காத குறையாகத் தடவிப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"இந்த மாதிரித் துணி எந்தக் கடையில தேடுனாலும் கெடைக்காதுங்கம்மா. இன்னும் இருந்தா எடுத்து வைங்க."

நான் தலையைக் குனிந்து கடலைத் தோலையே பார்த்தேன். காது சுட்டது. பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டது. முதலில் மாமியாருக்குப் புரையேறிவிட்டது என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரிக்கிறார். மூடியும் நிற்கவில்லை. வாசலில், நட்டநடுப் பகலில், ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி, கையை மடிக்குக் கொண்டுபோகாமல் வாய்விட்டுச் சிரித்தார்.

வீட்டுக்காரர் துணியோடு ஓடி வந்தார். பிறந்ததிலிருந்து தன் தாய் சிரித்து அவர் பார்த்ததில்லை. "அம்மாவுக்கு என்னாச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். அதற்கு மேல் என்னாலும் முடியவில்லை.